ஈதர்நெட் தாமதம், ஃபிரேம் இழப்பு: தொடர் கண்காணிப்பு

ஈதர்நெட் தடத்தின் இரு முனைகளுக்கிடையே ஃபிரேம்கள் போய்ச்சேர எடுக்கும் நேரத்தையும், வழியில் தொலைகிறவற்றின் எண்ணிக்கையையும், போக்குவரத்தை நிறுத்தாமலே இடைவிடாது அளக்கும் முறை.

ஈதர்நெட் பிறந்தபோது இதற்குத் தேவை எழவில்லை. 1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுத்தது ஒரு கட்டடத்துக் கணினிகளை இணைக்கும் ஏற்பாடு. ஃபிரேம் தொலைந்தால் மேலடுக்கு மென்பொருள் மறுபடி அனுப்பிக்கொள்ளும். தொலைபேசித் துறையின் வழக்கம் வேறு. அங்கே 1988-இல் தரப்படுத்தப்பட்ட எஸ்.டி.எச். முறையில், 125 மைக்ரோவினாடிக்கு ஒன்றாகப் போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிழை சரிபார்க்கும் பைட்டுகள் உண்டு. 2000-களில் வங்கிக் கிளைகளுக்கும் கைபேசிக் கோபுரங்களுக்கும் ஈதர்நெட் தடங்கள் விற்பனைக்கு வந்தபோது அந்தக் கண்காணிப்பு கூடவே வரவில்லை. வாடிக்கையாளர் "ஸ்லோவா இருக்கு" என்பார். நிறுவனம் "லிங்க் அப்லதான் இருக்கு" என்னும். யார் சொல்வது சரி என்று காட்ட அளவு இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒய்.1731 பரிந்துரையும் (2006), ஐ.இ.இ.இ. 802.1ஏஜி தரமும் (2007). முனைகள் 3.33 மில்லிவினாடி முதல் 10 நிமிடம் வரையிலான ஏதேனும் ஓர் இடைவெளியில் உயிர்ச்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்; மூன்றரை இடைவெளிக்கு ஒன்றும் வராவிட்டால் தடம் அறுந்ததாகக் கொள்ளப்படும். இழப்பை அறிய, அனுப்பிய எண்ணிக்கையும் பெற்ற எண்ணிக்கையும் ஒப்பிடப்படும். பல முனைகள் கொண்ட சேவையில் இந்தக் கணக்கு உதவாது. அதற்காகவே 2011-இல் செயற்கை ஃபிரேம்களை அனுப்பி எண்ணும் முறை சேர்ந்தது. தாமதத்துக்கு நான்கு நேரமுத்திரைகள்: புறப்பட்டது, எதிர்முனை பெற்றது, அது திருப்பியது, திரும்பி வந்தது. எதிர்முனையில் தங்கிய நேரத்தைக் கழித்தால் போய்வரும் நேரம் கிடைக்கும். இரு கடிகாரங்களும் ஒத்திருக்கத் தேவையில்லை. ஒருவழித் தாமதம் வேண்டுமானால்தான் அவை ஒத்திருக்க வேண்டும்.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோவினாடி எடுக்கும். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இழை 650 கி.மீ. ஓடினால், போய்வர ஆறரை மில்லிவினாடி. எந்தக் கருவியாலும் இதைக் குறைக்க முடியாது. மதுரை வழித் தடம் அறுந்து போக்குவரத்து சுற்றுவழிக்குத் திரும்பினால் இணைப்பு நிற்காது, ஆனால் தாமதம் சட்டென்று ஏறி நிற்கும். என்றைக்கோ ஒருநாள் செய்யும் சோதனையில் இது தெரியாது. பதினைந்து நிமிடச் சராசரியும் போதாது. சில நொடி மட்டும் 60 மில்லிவினாடிக்கு எகிறும் நெரிசலைச் சராசரி விழுங்கிவிடும். உச்ச அளவையும் பதிந்து வைக்கும் அமைப்பே பயனுள்ளது.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் வந்தபின், கிராமத்து முனைகளின் நிலை அறிவது முன்னைவிட முக்கியம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நேரத்தில் உயிர்ச்செய்தி நின்றது என்பது மட்டும் போதாது. காரணம் தெரிய வேண்டும். 2004-இன் 802.3ஏஎச் தரத்தில் இதற்கு வழி உண்டு. மின்சாரம் போகும் கணத்தில், கருவி தன்னிடம் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு கடைசியாக ஒரு செய்தி அனுப்பும். துறையில் இதை 'டையிங் காஸ்ப்' என்பார்கள். அது வந்திருந்தால் ஜெனரேட்டரும் டீசலும் போக வேண்டும். வராமலே தடம் நின்றிருந்தால், பெரும்பாலும் இழை ஒட்டும் குழு கிளம்ப வேண்டும்.