பத்திலொன்று

நேயர்களே, படுவான்கரைச் சரித்திரம் என்றதும் கோயிலையும் கல்வெட்டையும் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொள்வது தண்ணீர்க் குழாயை.

குழாய் புது இடத்துக்கு நீளும்போது காசு யாருடையது? 1847இலேயே இங்கிலாந்தின் நீர்வேலைச் சட்டம் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு பகுதியார் ஆண்டுதோறும் கட்டும் நீர்வரி, குழாய் பதிக்கும் செலவில் பத்திலொன்றுக்குக் குறையாதிருந்தால் குழாய் பதித்தேயாக வேண்டும். அவர்களும் மூன்றாண்டு தண்ணீர் எடுப்பதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். கேட்க நியாயந்தான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய பட்டின வீடுகளுக்கான நியாயம் அது. வவுணதீவுப் பக்கம் ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் நடுவே வயல் கிடக்கும். அங்கே பத்திலொன்று எப்படித் தேறும்? வெள்ளைக்காரரே 1944இல் தங்கள் நாட்டுக் கிராமங்களின் குழாய்களுக்கு அரச பணம் ஒதுக்கினார்கள்.

நமது பழைய கணக்கு வேறு. குளத்து நீர் பாயும் வயலின் அளவுக்கேற்ப அணைக்கட்டு வேலையில் பங்கு; வட்டவிதானையார் முன்னின்று பிரித்துக் கொடுப்பார். 1856இன் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இத்தகைய வழமைகளுக்கே சட்ட வலுவளித்தது. குடிநீருக்குக் கிணறு, அது வற்றினால் மணலில் தோண்டிய பூவல். அதற்கு வரியேது!

1993இல் உலக வங்கித் திட்டமொன்று பதுளை, இரத்தினபுரி, மாத்தறைக் கிராமங்களுக்குப் போயிற்று. கட்டுமானச் செலவில் ஐந்திலொன்றைக் கிராமத்தார் பணமாகவோ உடலுழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. மட்டக்களப்புக்கான பெரிய திட்டமோ 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புக்கொண்ட கடனில் எழுந்தது. அந்தக் கடன் முழு நாட்டின் தலையிலும் விழுந்தது. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைக் கடந்து நகருக்குப் போனது. குளத்தையண்டிய குடிகளோ அதன் பிறகும் வரட்சி நாட்களில் பவுசரைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

பெருங்குழாய்க்குப் பொதுக்கடன், கிளைக்குழாய்க்கு மட்டும் வீட்டுத்தொகை எண்ணுவதா? எனக்கு இது ஒப்பவில்லை. நகரத்தாரும் கட்டணம் கட்டித்தானே குடிக்கிறார்கள் என்பீர்கள். கட்டட்டும், கிராமத்தாரும் கட்டுவார்கள். நான் சொல்வது குழாயை. வீதி வழியே வரும் குழாய் பொதுச்செலவில் வரட்டும். வேலிக்குள் வரும் துண்டையும் மீற்றரையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். வயலிலும் வாய்க்கால் எல்லோருக்கும் பொது. தன் வரம்பில் வக்கடை வெட்டுவது மட்டுமே அவனவன் வேலை.