அவையறிதலும் அவையஞ்சாமையும்

பகைமை மிகுந்த அவைக்குச் சென்று வாதிடுவதா, விலகி நின்று மறுப்பைத் தெரிவிப்பதா என்ற கேள்வி யூதர்களுக்குப் பழையது. 1263-இல் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் பார்சிலோனாவில் கூட்டிய சமய விவாதத்துக்கு ரப்பி நாக்மனிடிஸ் அழைக்கப்பட்டபோது, மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. தடையின்றிப் பேச அனுமதி மட்டும் கேட்டுப் பெற்றார். அவர் வாதத்தை மெச்சி மன்னரே பரிசளித்தார். ஆயினும், தம் தரப்பை அவர் எழுதி வெளியிட்டதும் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு எழுந்தது. முதுமையில் நாடு நீங்கி, 1267-இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார்.

போகாமலிருக்கும் உரிமை கிட்டியது நம் காலத்தில்தான். அதனாலேயே கேள்வி கடினமாயிற்று.

1975 நவம்பர் 10 அன்று, சியோனிசம் இனவாதத்தின் ஒரு வடிவம் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. ஆதரவு 72, எதிர்ப்பு 35, நடுநிலை 32. இந்தியா ஆதரித்தோர் வரிசையில் இருந்தது. இஸ்ரேலின் தூதர் ஹயீம் ஹெர்சோக் தீர்மானத்தை மேடையிலேயே கிழித்தார். ஆனால் அவர் நாடு சபையை விட்டு நீங்கவில்லை. 1991 டிசம்பர் 16 அன்று அதே சபை 111-க்கு 25 என்ற வாக்கில் அத்தீர்மானத்தை ரத்து செய்தது. இம்முறை இந்தியா ரத்தை ஆதரித்தது. சோவியத் முகாம் சரிந்து உலக அரசியல் திசை மாறியதே இதன் முதன்மைக் காரணம். எனினும், காற்று மாறி வீசியபோது இருக்கையில் ஆள் இருந்தார் என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது டர்பன். 2001 ஆகஸ்ட் இறுதியில் இனவாதத்துக்கு எதிரான உலக மாநாடு தென்னாப்பிரிக்காவின் அந்நகரில் தொடங்கியது. அதையொட்டித் தன்னார்வ அமைப்புகளின் தனி மன்றமும் கூடியது. யூதரை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்கள் அங்கே கைக்குக் கை மாறின. யூத எதிர்ப்பைப் பற்றி யூதக் குழுவினர் முன்வைத்த பத்தி வாக்கெடுப்பில் நீக்கப்பட, அவர்கள் வெளிநடப்புச் செய்தனர். மன்றத்தின் பிரகடனம் இஸ்ரேலை நிறவெறி அரசு என்றது. இனப்படுகொலைக் குற்றமும் சாட்டியது. மாநாட்டின் பொதுச்செயலர் மேரி ராபின்சன் அதை அரசுகளுக்குப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார்.

இதில் நமக்கு நெருக்கமான ஓர் இழப்பு உண்டு. இந்தியத் தலித் அமைப்புகள் சாதியை உலக அரங்கில் பேசுபொருளாக்கப் போராடியதும் அதே டர்பனில்தான். இந்திய அரசின் எதிர்ப்பால் அதிகாரபூர்வ ஆவணத்தில் சாதி இடம்பெறவில்லை. தன்னார்வலர் பிரகடனத்தில் இடம்பெற்றது. ஆனால் அப்பிரகடனமே மதிப்பிழந்து ஒதுங்கியது. ஒரு சாராரின் மீதான வெறுப்பு, அதே கூரையின் கீழ் நீதி கேட்டு நின்ற பிறரின் குரலையும் அமுக்கிவிட்டது.

அரசுகளின் மாநாட்டில் நடந்தது வேறு. செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் தங்கிப் பேரம் பேசின. இறுதி ஆவணம் பாலஸ்தீனரின் துயரைக் குறிப்பிட்டது. இஸ்ரேல் உட்பட எல்லா நாடுகளுக்கும் பாதுகாப்புரிமை உண்டு என்றது. யூதப் பேரழிப்பு மறக்கப்படலாகாது என்றும் சொன்னது. வெளியேறியவர்களின் காலி இருக்கை தந்த அச்சமும், தங்கியவர்களின் பேனாவும் சேர்ந்தே இதைச் சாத்தியமாக்கின என்பது நம் கணிப்பு.

2009 ஏப்ரலில் ஜெனீவாவில் மறுபரிசீலனை மாநாடு கூடியபோது பல அரசுகள் புறக்கணித்தன. யூத அமைப்புகளோ ஆயத்தத்துடன் வந்திருந்தன. ஈரான் அதிபர் அகமதிநெஜாத் பேசத் தொடங்கியதும் கோமாளி முடி அணிந்த யூத மாணவர்கள் கூச்சலிட்டு இடைமறித்தனர். சற்றுப் பின்னர் ஐரோப்பியப் பிரதிநிதிகள் எழுந்து வெளியேறினர். டர்பனில் திகைத்து நின்றவர்கள், இங்கே எங்கே வந்திருக்கிறோம் என்று அறிந்து வந்திருந்தார்கள்.

அரசு வேறு, குழு வேறு. ஓர் அரசு வராவிட்டால் அதுவே செய்தியாகிறது. சிறு குழுவொன்று வராததை எவரும் கவனிப்பதில்லை. எனவே குழுக்கள் போவதே தகும் என்று கருதுகிறோம். வரைவு இன்னும் திறந்திருக்கும் அவையில் இருந்து வாதாட வேண்டும். அங்கே பாலஸ்தீனரின் துயரைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். ஓர் அரசின் மீதான கண்டனத்துக்கும் ஓர் இனத்தின் மீதான வெறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவரே காட்டமுடியும். தீர்ப்பு எழுதி முடிக்கப்பட்ட அவையிலோ, தம் இருப்பே அத்தீர்ப்புக்கு நியாயம் சேர்க்கும் என்று தெரிந்த கணத்தில், காரணத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அறிதலை முன்னே வைத்தார்.