மரைக்கார்: பட்டமா, பரம்பரையா?

“நாங்க குஞ்சாலி மரைக்கார்ட வழியில வந்த ஆக்கள்” என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. மாயாதுன்னைக்குத் துணையாகப் புறப்பட்ட கள்ளிக்கோட்டைக் கப்பற்படை 1538இல் வேதாளையில் போர்த்துக்கேயரிடம் தோற்றது. நான்காம் குஞ்சாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். இவை வரலாறு. ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பது இரத்தம் ஒன்றென்பதற்குச் சாட்சியாகாது.

தெற்கிலும் மேற்கிலும் மரைக்கார் குடும்பப் பெயராய் நிலைத்ததுண்டு. சேர் முகம்மது மாக்கான் மாக்கார் குடும்பம் யாவரும் அறிந்தது. மரிக்கார், மாக்கார், மரைக்காயர் என்று எழுதியவர் கைப்படி எழுத்தும் மாறும். ஒல்லாந்தர் தோம்பிலே தேடுவோர் ஒன்றை மறக்கக்கூடாது: அது வரிக்கும் ஊழியத்துக்கும் எழுதியது, வம்சத்துக்காக அல்ல.

கிழக்கிலோ கதை வேறு. இங்கே மரைக்கார் என்பது பதவி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார். குடியோ உம்மா வழியில் வருவது.

எங்கட மூத்தாப்பாவின் காணி உறுதியில் பெயரின் கடைசியில் மரைக்கார் உண்டு. வாப்பாவின் பிறப்பு அத்தாட்சியில் இல்லை. “பேர உட்டுட்டாங்களே” என்று மாமிமார் இன்றும் குறைபடுவர். விட்டதல்ல. மூத்தாப்பா தன் குடிக்கு மரைக்காராயிருந்தவர். வாப்பா பிறந்ததோ வாப்பும்மாவின் குடியில். பதவிப் பெயர் மகனுக்கு இறங்க வழியே இல்லை.

ஆக, நான் தேட வேண்டியது வாப்பும்மாவின் தாய்வழி. அதை எந்த உறுதியும் எழுதிவைக்கவில்லை. வாப்பும்மாட தங்கச்சி ஒருவர் இருக்கிறார், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இந்த நோன்புக்கு முன் அவரிடம் போக வேண்டும்.