விழாக்கால வாழ்த்தட்டையில் கைவினை: தாள் அடுக்கும் ரப்பர் முத்திரையும் அஞ்சல் கட்டணமும்

ஆய்வுச் சுருக்கம்

கையால் செய்யப்படும் வாழ்த்தட்டை, இயந்திர அச்சுக்கு முற்பட்ட மரபொன்றின் எச்சம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்து, அமெரிக்கச் சான்றுகளை நோக்கும்போது, அது அஞ்சல் சீர்திருத்தம், புடைப்பு அச்சு, பதப்படுத்திய ரப்பர் ஆகிய தொழில்துறை மாற்றங்களிலிருந்து தோன்றியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வாழ்த்தட்டை, ரப்பர் முத்திரை, தாள் லேஸ், அஞ்சல் சீர்திருத்தம், பெண்கள் உழைப்பு.

முன்னுரை

கிறித்துமசு வாழ்த்தட்டையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் 1843ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஓர் அட்டையை வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டு, ஒரு ஷில்லிங் விலையில் விற்பனைக்கு விட்டார். குடும்பத்தார் கூடி மது அருந்துவதாக அமைந்த அப்படம் மதுவிலக்கு இயக்கத்தாரின் கண்டனத்திற்கு உள்ளானது. இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவோர் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு: கல்லச்சில் கோடுகளாக அச்சான அவ்வட்டைகளுக்கு வண்ணம் கையால் தீட்டப்பட்டது. எனவே வணிக வாழ்த்தட்டையின் தொடக்கத்திலேயே அச்சும் கையும் ஒன்றாகவே செயற்பட்டன. ‘கையால் செய்தது’, ‘அச்சிட்டது’ என்ற இருமை பிற்காலத்தது. அவ்வாறாயின், கைவினை அட்டை என்று இன்று அழைக்கப்படும் பொருளில் கை எங்கே நுழைகிறது, அது யாருடைய கை என்ற வினாக்கள் எழுகின்றன.

தாள் எண்ணிக்கையிலிருந்து எடைக்கு

அட்டையின்மேல் அடுக்கடுக்காகத் தாள்களை ஒட்டிப் புடைப்புத் தோற்றம் உண்டாக்கும் முறை வளர்ந்ததற்கு அழகியல் காரணம் கூறுவது வழக்கம். அதனினும் அடிப்படையான காரணம் அஞ்சல் கட்டணத்தில் உள்ளது. இங்கிலாந்தில் 1840க்கு முன்னர் கடிதக் கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. உறையும் ஒரு தாளாகவே கணக்கிடப்பட்டது. ஒரு தாளை மடித்து, அதன் புறத்திலேயே முகவரி எழுதி அனுப்பியதன் காரணம் இதுவே. இந்நிலையில் ஐந்தாறு தாள்கள் அடுக்கிய வாழ்த்தொன்றை அஞ்சலில் அனுப்புவது பெரும் செலவாகும். 1840ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சீரான ஒரு பென்னி அஞ்சல், அரை அவுன்சு எடைவரை ஒரே கட்டணம் என்று விதித்தது. அமெரிக்காவில் 1845ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறே எடையை அடிப்படையாகக் கொண்டு, 300 மைல் வரை அரை அவுன்சுக்கு 5 சென்ட், அதற்கு மேற்பட்ட தொலைவுக்கு 10 சென்ட் என வகுத்தது. தாளை எண்ணும் வழக்கம் நீங்கியபின், மெல்லிய தாள்களை எத்தனை அடுக்கினாலும் எடை மீறாதவரை தடையில்லை. உறைக்கும் தனிக் கட்டணம் இல்லை.

இம்மாற்றத்தைப் பயன்கொண்ட பொருள் தாள் லேஸ். அச்சுத் தகட்டால் தாளைப் புடைக்கச் செய்து, புடைத்த முனைகளைத் தேய்த்து நீக்கினால் துணிச் சரிகைபோன்ற துளைகள் கிடைக்கும். எடை மிகக் குறைவு, தோற்றமோ செழுமை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட இத்தாள்கள் அமெரிக்காவிற்கு ஏற்றுமதியாயின.

வூஸ்டர் நகரத்து மேசை

மாசசூசெட்சு மாநிலத்தின் வூஸ்டர் நகரில் எழுதுபொருள் கடை நடத்திய குடும்பத்தில் 1828இல் பிறந்தவர் எஸ்தர் ஹவ்லண்டு. 1847இல் மவுண்ட் ஹோல்யோக் மகளிர் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் நாள் அட்டையொன்றைக் கண்டு, அத்தகையவற்றைத் தாமே செய்ய முற்பட்டார். தமையன் மாதிரிகளை எடுத்துச் சென்று, எதிர்பார்த்த இருநூறு டாலருக்குப் பதில் ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆணை பெற்று வந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. வெற்றிக் கதைகளுக்கே உரிய மெருகு அதில் உண்டு. அதனை அப்படியே ஏற்கவேண்டியதில்லை.

அவர் தோழியரை மேசையைச் சுற்றி அமர்த்தி வேலையைப் பகுத்தளித்தார். ஒருவர் படங்களை வெட்டுவார், ஒருவர் பின்னணித் தாளை ஒட்டுவார், மற்றொருவர் லேஸைப் பொருத்துவார். லேஸின் அடியில் பளபளக்கும் வண்ணத்தாள் துண்டை வைத்து அதன் வேலைப்பாட்டை எடுத்துக்காட்டியதும், மடித்த சிறு தாள் விற்களால் மேலடுக்கை உயர்த்தி நிறுத்தியதும் இவ்வட்டைகளின் சிறப்புக்கூறுகள். இன்று நுரை ஒட்டுப்பட்டை செய்யும் பணியை அன்று தாள் வில் செய்தது. 1879இல் வெளியான செய்யுள் தொகுப்பொன்றும் இங்குக் கருதத்தக்கது. அட்டையிலுள்ள வரிகள் பிடிக்காதவர் அதிலிருந்து வேறொன்றைத் தேர்ந்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். உணர்ச்சியும் மாற்றத்தக்க உதிரிப்பாகமாயிற்று.

அட்டையின் பின்புறத்தில் அச்சான அடையாளம் ‘ஹெச்’ என்னும் ஒற்றை எழுத்து மட்டுமே. வெட்டிய பெண்களும் ஒட்டிய பெண்களும் அதில் இடம்பெறவில்லை. ஹவ்லண்டை ‘அமெரிக்கக் காதலர் நாள் அட்டையின் தாய்’ என்று போற்றும் எழுத்துகள், ஒருவர் கைவண்ணம் என்ற தோற்றத்தையே மீண்டும் நிறுவுகின்றன. உண்மையில் அது பலர் கைகளின் தொடர்வேலை. பின்னர் அந்நிறுவனத்தை வாங்கிய ஜார்ஜ் விட்னி, புடைப்பு இயந்திரங்களை நிறுவித் தாள் லேஸையும் உள்ளூரிலேயே செய்வித்தார்.

ரப்பர் முத்திரையின் வருகை

சார்லசு குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பதப்படுத்தும் முறையின்றி ரப்பர் முத்திரை இல்லை. கந்தகம் கலந்து சூடேற்றிய ரப்பர், வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருந்தது. பல்மருத்துவர்கள் செயற்கைப் பல்லின் அடித்தளம் வார்க்கப் பயன்படுத்திய சிறு வெப்பக்கலன்களே முதல் முத்திரைகளை வார்க்கவும் உதவின. எழுத்தைக் கோத்து, அதன்மேல் சாந்து அச்செடுத்து, அவ்வச்சில் ரப்பரை அழுத்திச் சூடேற்றுவது செய்முறை. 1860களில் இதனை முதலில் செய்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பயன்பாட்டைப் பொறுத்தவரை ஐயமில்லை: அலுவலகம், வங்கி, அஞ்சலகம். தமிழிலும் ‘ரப்பர் ஸ்டாம்பு’ என்றதும் நினைவுக்கு வருவது அதிகாரியின் மேசையே.

அலுவலகப் பொருளைக் கலைக்குள் கொணர்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்சு. 1919 அளவில் முத்திரைகளைக் கொண்டு ஓவியங்கள் அமைத்தார். 1960களில் அஞ்சல்வழிக் கலையில் ஈடுபட்டோர் அதனைத் தொடர்ந்தனர். அதன்பின்னரே பூ, தேவதாரு மரம், பறவை முதலிய உருவங்களைக் கொண்ட முத்திரைகள் அமெரிக்காவில் பொழுதுபோக்குச் சந்தைக்கு வந்தன. ஈரம் காயாத மையின்மேல் பிசின் தூளைத் தூவி, எஞ்சியதை உதறி, வெப்பக்காற்றால் உருக்கினால் கோடுகள் புடைத்தெழும். விட்னியின் இயந்திரம் செய்த வேலை இவ்வாறு வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. ஹவ்லண்டின் அட்டையை அனுப்பியவர் அதனைச் செய்தவரல்லர். முத்திரை அட்டையிலோ அனுப்புபவரே செய்பவர். ஆனால் உருவம் வேறொருவருடையது. செய்தவர் அதனை விற்கலாமா என்ற வினா இதனால் எழுந்தது. முத்திரை நிறுவனங்கள் பல ‘ஏஞ்சல் பாலிசி’ என்ற பெயரில் இசைவு வழங்கின. அதன்படி, ஒவ்வொன்றாகக் கையால் முத்திரையிட்ட அட்டைகளை வரம்புக்குட்பட்டு விற்கலாம். நகலெடுத்தோ இயந்திரத்தால் பெருக்கியோ விற்கலாகாது. கைவினை என்பதன் எல்லையை வரைந்தது கலைக் கோட்பாடன்று, உரிம வாசகமே. ஹவ்லண்டின் பணியாளருக்குக் கிடைக்காத ஓர் உரிமையை, ஒரு பொழுதுபோக்காளருக்கு அளந்து கொடுக்கும் ஏற்பாடாகவும் இதனைப் படிக்கலாம்.

கால் அங்குலம்

அஞ்சல் கட்டணம் இன்றும் அட்டையின் வடிவைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்க அஞ்சல் துறையின் விதிப்படி கடிதக் கட்டணத்தில் செல்லும் உறையின் தடிப்பு கால் அங்குலத்தைத் தாண்டலாகாது. அவ்வளவுக்கு உட்பட்டிருந்தாலும், உள்ளே பொத்தானோ மணியோ இருந்து தடிப்பு சீரற்றதாயின், அவ்வுறை வரிசைப்படுத்தும் இயந்திரத்திற்கு ஒவ்வாததாகக் கொள்ளப்பட்டுக் கூடுதல் கட்டணம் பெறுகிறது. அத்தகைய உறைகளை அஞ்சலகத்தில் பணியாளர்கள் கையாலேயே பிரிக்கவேண்டியுள்ளது.