கேரி அண்ட் லோவெல் (இசைத்தொகுப்பு)

கேரி அண்ட் லோவெல், அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2015 மார்ச் 31 அன்று வெளியிட்ட, 11 பாடல்கள் அடங்கிய இசைத்தொகுப்பாகும். பெரும் இசை நிறுவனங்களைச் சாராத சிறு வெளியீட்டகங்களின் வழியே, நாட்டார் பாடல் மரபின் கம்பிக் கருவிகளையும் எளிய மெட்டுகளையும் கைக்கொண்டு தன்னுணர்வைப் பாடும் வகை இண்டி ஃபோக் எனப்படும். அவ்வகையின் தலைசிறந்த ஆக்கங்களுள் இது ஒன்று.

தலைப்பில் உள்ள இருவர் ஸ்டீவன்சின் தாய் கேரியும், அவர் மறுமணம் செய்துகொண்ட லோவெல் பிராம்சும் ஆவர். மனச்சிதைவு நோயாலும் போதைப் பழக்கத்தாலும் அவதியுற்ற கேரி, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தைப் பிரிந்தார். 1980களின் முற்பகுதியில், அவர் லோவெலுடன் வாழ்ந்த காலத்தில், கோடை விடுமுறைகளில் மட்டும் பிள்ளைகள் ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகருக்குச் சென்று அவரோடு தங்கினர். 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயால் கேரி இறந்ததை அடுத்து எழுந்தவையே இப்பாடல்கள். இத்தொகுப்பை வெளியிட்ட அஸ்த்மாட்டிக் கிட்டி நிறுவனத்தை ஸ்டீவன்சுடன் சேர்ந்து தொடங்கியவர் லோவெல் என்பது குறிப்பிடத்தக்கது.

2005இல் வந்த இலினாய் தொகுப்பில் ஊதுகருவிகளையும் குழுப்பாடலையும், 2010இல் வந்த தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ் தொகுப்பில் மின்னணு ஒலிகளையும் நிறைத்த ஸ்டீவன்ஸ், இதில் தாளக் கருவிகளைப் பெரும்பாலும் விலக்கி, விரல்களால் மீட்டும் கிதார், பாஞ்சோ, பியானோ ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டார். ஒரே குரலை இருமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக இசைக்கும் இரட்டைப்பதிவு முறையால், தாழ்ந்த குரலும் செவிக்கு மிக அருகில் ஒலிக்கிறது. "ஜான் மை பிலவ்ட்" பாடலின் இறுதியில் பாடகர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசைகூட நீக்கப்படாமல் விடப்பட்டுள்ளது.

நன்கு அறியக் கிடைக்காத தாயின் நினைவை, ஸ்டீவன்ஸ் ஒரிகனின் இடங்களையும் சிறு நிகழ்வுகளையும் கொண்டு நிரப்புகிறார். சுஃப்யான் என்ற பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் "சுபாரு" என்று அழைத்த நீச்சல் ஆசிரியர் "யூஜீன்" பாடலில் இடம்பெறுகிறார். "ஃபோர்த் ஆஃப் ஜூலை" பாடலில், இறக்கும் தாயும் மகனும் செல்லப் பெயர்களால் மாறி மாறி அழைத்து உரையாடுகின்றனர். தாயை மன்னிக்கும் சொல் முதற்பாடலிலேயே வந்துவிடுவதால், அடுத்து வரும் பாடல்களில் குற்றச்சாட்டுக்கு இடமின்றி, வாழும் காலத்தில் கிட்டாத நெருக்கத்துக்கான ஏக்கமே மேலோங்கி நிற்கிறது. சொந்தத் துயரைப் பாடும் இத்தொகுப்பு அயலாரின் துயருக்கும் பொருந்திவருவதற்கு அதுவே காரணமாகும்.