பழைய படத்துக்கு யார் நிறம் சொல்வது?



மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் 19-ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றுக்குச் செயலியில் வண்ணமேற்றி ஒரு மாணவர் அனுப்பியிருந்தார். அழகுதான். ஆனால் அந்த நிறங்களை வரலாறு என்று நம்பிவிடாதீர்கள்.

அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் படங்களில் வானம் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. பின்னால் வந்த ஃபிலிம்களிலும் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. நம் பாட்டிமார் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாக இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அரக்குப் பட்டும் அப்படித்தான் கறுத்துப்போகும். செயலி என்ன செய்யும், பாவம்! ஊகித்துப் பூசுகிறது. அந்நாள் ஸ்டுடியோவில் கையால் வண்ணம் தீட்டியவராவது வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி, உள்ளபடியே மின்னுருவாக்கியது. அதுதான் சரியான முறை.

என் பெற்றோர் கல்யாணப் படத்தில் செயலி அம்மாவுக்கு நீலச் சேலை கட்டிவிட்டது. செங்கல்பட்டு அத்தைக்கு வயது 88. பார்த்ததும், "நீலமா? உங்கம்மா கட்டினது அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை" என்றார். படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்தேன். பேனா வேண்டாம், மை ஊறும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஞாயிறே படத்தோடு போய்க் கேளுங்கள்.