இணைய வேகக் கட்டுப்பாடு: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம்

இணைய வேகக் கட்டுப்பாடு என்பது, அதிகமாகப் பதிவிறக்கும் வாடிக்கையாளரின் வேகத்தை இணைய நிறுவனம் வேண்டுமென்றே குறைப்பது, அல்லது டோரண்ட் கோப்புப் பகிர்வு போன்ற குறிப்பிட்ட வகைப் போக்குவரத்தை நெருக்குவது. மக்கள் பேச்சில் இதற்கு 'லிமிட் முடிஞ்சிடுச்சு' என்று பெயர். நிறுவனங்கள் 'நியாயப் பயன்பாட்டுக் கொள்கை' என்கின்றன. எது நியாயம் என்பதை இருபது ஆண்டுகளாக விற்பவரே முடிவு செய்துவந்ததுதான் இதன் வரலாறு.

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தொலைபேசிக் குறியீடு சென்னையின் 044தான். எனவே சென்னையில் விற்ற திட்டங்களே இங்கும் விற்றன. ஆனால் இவ்வட்டாரத்தில் மூன்று வகை வாடிக்கையாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் தேர்வாய்க்கண்டிகையின் டயர் தொழிற்சாலையும் போன்ற பெரிய ஆலைகளுக்கு லீஸ்டு லைன் எட்டும் செலவு. அதில் வாங்கிய வேகம் முழுவதும் வாங்கியவருக்கே. பட்டறை, ஸ்டூடியோ, பிரவுசிங் சென்டர், வீடு ஆகியவற்றுக்கு பிராட்பேண்ட். ஆலையில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்பவருக்குக் கைபேசி ரீசார்ஜ். கட்டுப்பாட்டின் கனம் இந்த வரிசையிலேயே கூடிக்கொண்டு போகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது கணக்கு மணிக்கணக்கில் இருந்தது. 250 மணி நேரம் ஒரு பொதி. வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். கட்டுப்படுத்த அதில் ஒன்றுமில்லை. 1998 இறுதியில் தனியார் நுழைந்தார்கள். முதலில் வந்தது சென்னையின் சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி. 2004இன் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வகுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' வந்தது. அதோடு அளவுக் கணக்கும் வீட்டுக்குள் வந்தது.

அந்தக் காலத்தை அறிந்தவர்கள் இன்றும் சொல்வது 500 ரூபாய்த் திட்டத்தின் இரவுச் சலுகையை. பகலில் மாத ஒதுக்கீட்டைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. 700 எம்பி கொண்ட ஒரு சிடி அளவுப் படத்தை 256 கிலோபிட் வேகத்தில் இறக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஓர் இரவில் ஒரு படம்கூட முழுதாக இறங்காது, கடைசிச் சில நிமிடம் மிச்சம் நிற்கும்! 2007 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். வேகத்தை 2 மெகாபிட்டாக உயர்த்தியதும் அதே ஆறு மணி நேரத்தில் 5 ஜிபிக்கு மேல் இறங்கத் தொடங்கியது. நிறுவனத்தின் கடிகாரமும் வீட்டுக் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகாமல் பில் எகிறிவிடக்கூடாது என்று 2.05க்கு மோடத்தை அணைத்துப் போட்டு, 7.55க்கு நிறுத்துவது பயனர்களிடையே பழக்கமாயிற்று. தூங்குபவருக்காக டவுன்லோடு மேனேஜர் விழித்திருந்தது.

அள்ளிக் கொடுக்க நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டு பிராட்பேண்ட் என்பதே பங்குச் சரக்கு. ஒரே அலைவரிசையை ஐம்பது வீடுகள் வரை பகிரலாம், வணிக இணைப்பென்றால் முப்பது வரை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் வழிகாட்டியது. ஐம்பதில் இரண்டு பேர் இரவும் பகலும் டோரண்ட் ஓட்டினால் மற்றவர்களுக்கு யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கும். கூடவே, பார்க்கும் சரக்கில் பெரும்பகுதி வெளிநாட்டு சர்வர்களில் இருந்தது; கடலடிக் கம்பியின் வாடகை அதிகம். சிங்கப்பூரிலிருந்து ஐ2ஐ கம்பி 2002இலும், சீ-மீ-வீ 4 கம்பி 2005இலும் கரையேறியது சென்னையில்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து அது ஒரு மின்சார ரயில் பயணத் தொலைவு. கம்பி பக்கத்தில் வந்ததால் மட்டும் விலை இறங்கிவிடவில்லை.

கட்டுப்படுத்தும் முறை எளிது. மோடம் உள்நுழையும்போது நிறுவனத்தின் ரேடியஸ் சர்வர் பயனர் பெயரைச் சரிபார்க்கிறது. கடந்துபோகும் பைட்டுகளைக் கூட்டி வைக்கிறது. ஒதுக்கீடு தீர்ந்ததும் அதே இணைப்புக்கு வேறொரு வேக விதி போய்ச் சேர்கிறது. மோடத்தில் எந்த விளக்கும் மாறாது. வாடிக்கையாளர் மோடத்தை அணைத்துப் போடுவார், வயரை ஆட்டிப் பார்ப்பார், பிறகு லைன்மேனைக் கூப்பிடுவார்.

லைன்மேனைக் கூப்பிடுவதிலும் நியாயம் உண்டு. செப்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு, எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப்போகப் போகத் தானாகவே வேகம் இழக்கும். ஊர் விட்டு விலகியிருக்கும் தொழிற்பேட்டைக்கு இது பழைய தலைவலி. மாதம் முழுக்க மந்தமென்றால் பெரும்பாலும் கம்பி. இருபதாம் தேதிக்கு மேல் மந்தமென்றால் லிமிட். மாலையில் மட்டும் என்றால் பங்காளிகள் பெருகிவிட்டார்கள். மற்றதெல்லாம் ஓடி டோரண்ட் மட்டும் படுத்தால் அங்கேதான் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் நிரூபணமானது அமெரிக்காவில். காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் இணைப்புகளைப் போலித் துண்டிப்புச் செய்திகள் அனுப்பி அறுப்பதை 2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதித்து வெளியிட்டது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அதைத் தவறென்றது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லையென்றது.

தமிழ்நாட்டில் வேகக் குறைப்பைவிட அதிக ஓசை எழுப்பியது முழுத் தடை. 2012இல் '3' திரைப்படத்தின் தயாரிப்பாளரான ஆர்.கே. புரொடக்ஷன்ஸ், திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிர்வாதிகளுக்கு எதிரான ஆணை பெற்றது. இத்தகைய வழக்குகளில் எதிர்வாதிக்கு இடப்படும் கற்பனைப் பெயர் 'அசோக் குமார்'. மே மாதத்தில் இணைய நிறுவனங்கள் ஒரு படத்தின் சுட்டிகளோடு நிற்கவில்லை. பைரேட் பே, விமியோ முதலிய தளங்களையே மூடின. விமியோவில் சொந்தக் குறும்படத்தை ஏற்றி வைத்திருந்தவரும் அசோக் குமாரோடு சேர்ந்து தண்டனை பெற்றார். ஜூன் 9 அன்று பல நகரங்களில் போராட்டம் நடந்தது. தடை குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு அல்ல என்று அதே ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆணையைவிட அகலமாகத் தடுத்தது நிறுவனங்களின் வசதிக்காகவே என்று சொல்லத் தோன்றுகிறது.

லிமிட் விஷயத்தில் டிராய் முதலில் தலையிட்டது 2012 ஜூலை 27 அன்று: எவ்வளவு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதை விளம்பரத்திலும் இணையதளத்திலும் சொல்ல வேண்டும். சொன்னார்கள், பொடி எழுத்தில். 2016 அக்டோபர் 31 ஆணை இன்னும் கறாரானது. ஒதுக்கீட்டில் பாதி, 90 விழுக்காடு, முழுவதும் என மூன்று கட்டங்களிலும் எச்சரிக்க வேண்டும். நிலைவழி பிராட்பேண்டில் லிமிட்டுக்குப் பிறகும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது.

இதற்கிடையே, எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்தக் கோரும் இணையச் சமநிலைச் சண்டை வந்துபோயிற்று. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பைக் கண்டு சில நாட்களில் நிறுத்திவைத்தது. கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாம் போன்ற இடங்களில், கடல் கடந்த உறவுகளோடு பேச மலிவான வழியே இத்தகைய அழைப்புகள்தான். 2015இல் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து விலை மாற்றுவது தடைசெய்யப்பட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் அபராதம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற விதிகள், ஒரு தளத்தையோ செயலியையோ குறிவைத்து வேகம் குறைப்பதைத் தடுத்தன. நெரிசலைச் சமாளிக்கத் தற்காலிக மேலாண்மைக்கு இடம் விட்டன. எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல மந்தமாக்கும் லிமிட் இந்த விதிகளுக்குள் வரவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ஒதுக்கீடு மாதத்திலிருந்து நாளுக்கு மாறியது. ஃபைபர் வீடுகளுக்கு லிமிட் இன்று பெயரளவுக்கே. 2020இல் வந்த 'அன்லிமிடெட்' திட்டங்களில்கூட மாதம் 3,300 ஜிபி என்ற உச்சவரம்பு இருந்தது, அதை எட்டும் குடும்பம் அரிது. சிப்காட்டின் தொழிலாளர் அறைகளில் கதை வேறு. அங்கே நாளுக்கு ஒன்றரை ஜிபி என்பதுபோன்ற ரீசார்ஜ். தீர்ந்தால் பல திட்டங்களில் 64 கிலோபிட். அந்த வேகத்தில் 5 எம்பி பிடிஎஃப் ஒன்று இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2013இல் 512 கிலோபிட்டாகவும் 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. 2016 ஆணை தந்த 512 கிலோபிட் பாதுகாப்போ நிலைவழி இணைப்புக்கு மட்டுமே. கைபேசியில் இணையம் பார்ப்பவருக்கு அது பொருந்தாது.